சுவரில் மாட்டும் பத்து எழுத்தாளர்கள்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். 1945-இல் 47 வாயனசாலைகளை (நூலகங்களை) ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கிய பி.என். பணிக்கரின் நினைவு நாள் அது. அந்த வாரம் எல்லாப் பள்ளியிலும் ஒரு கண்காட்சி வைத்தாக வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு அப்போது ஒரே தலைவலிதான். சுவரில் மாட்டக் கிடைக்கும் படமெல்லாம் மலையாளத்தில் இருக்கும். கோயம்புத்தூரில் தேடினால் தலைவர்கள் படமும் திருக்குறள் சார்ட்டும் கிடைக்கும், எழுத்தாளர்கள் கிடைக்கமாட்டார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று வந்திருப்பதுதான் இந்தப் படவரிசை. எல்லைக்கு அந்தப் பக்கத்து அச்சகம் ஒன்றின் தயாரிப்பு. இளமையில் கஷ்டப்பட்டு எழுத்தாளராக உயர்ந்த பத்துப் பேர், ஆளுக்கு ஒரு தாள். பாரதி, கவிமணி, பஷீர், கி.ரா., ஓ.வி. விஜயன், ஜெயகாந்தன், தோப்பில் முஹம்மது மீரான், டிக்கன்ஸ், ஆண்டர்சன், கார்க்கி. கூடவே 24 பக்கத்தில் ஆசிரியர் கையேடும், நகலெடுத்துக்கொள்ளப் பயிற்சித் தாள்களும். முழு வரிசை 1,600 ரூபாய், பார்சல் செலவு தனி. தனித்தாளாகக் கேட்டாலும் தருகிறார்கள், ஒன்று 180 ரூபாய்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். தாள் 20 அங்குல அகலம், 30 அங்குல உயரம், 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். அச்சு சுத்தம், நிறம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறது. மேலும் கீழும் காலண்டருக்குப் போடுகிற தகரப்பட்டை. லாமினேஷன் முன்பக்கம் மட்டும், அதுவும் பளபளப்பு வகை. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. மழைக்காலத்தில் தாளின் பின்பக்கம் ஈரத்தை இழுத்து விரியும். முன்பக்கத்து பிலிம் விரியாது. விளைவு, இரண்டே வாரத்தில் ஓரங்கள் முன்னால் சுருண்டு, பாரதியின் மீசை பாதி மறைந்துவிடும். பாலக்காடு டவுன், ஒற்றப்பாலம் பக்கம் இது நிச்சயம். மழை குறைவான கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொஞ்சம் தாங்கும். ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு பக்கமும் மேட் (பளபளப்பில்லாத) லாமினேஷன் வேண்டும் என்று கேளுங்கள். தாளுக்கு இருபது முப்பது ரூபாய் கூடுதலாகும். கேட்டால் போட்டுத் தருகிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. மேட் போட்டால் இன்னொரு லாபமும் உண்டு. பளபளப்புத் தாளை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் பிள்ளைகளுக்குத் தெரிவது ஜன்னல்தான்.

ஏற்கனவே வாங்கி, சுருண்டும் போய்விட்டதா? எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஓர் இரவு வைத்து, மறுநாள் பெஞ்சுக்கு அடியில் கனமான அகராதிகளை ஏற்றி வைத்தால் ஓரளவு நிமிரும். அதற்குப் பிறகு 5 மி.மீ. சன்போர்டில் (லேசான நுரைப் பலகை) ஒட்டிவிடுவது நல்லது. ஓரத்தில் மட்டும் டபுள் சைடு டேப் ஒட்டினால் நடுவில் உப்பும், முழுப் பரப்பிலும் பசை வேண்டும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே ஒற்றை ஆணியில் தொங்கும் தாள் காற்றில் ஆடி, கீழ்த் தகரப்பட்டை சுவரில் டக் டக் என்று மோதி, மூன்றாம் நாள் மூலை கிழிந்துவிடும். கீழ்ப்பட்டையின் இரண்டு முனையிலும் நூல் கட்டிச் சின்ன ஆணியில் இழுத்து மாட்டுங்கள். சணல் வேண்டாம், ஈரத்தில் தளரும். மீன்பிடி நைலான் நூல் போதும்.

இடம் எவ்வளவு வேண்டும்? பத்துத் தாளுக்கு 200 அங்குலம். இடைவெளி ஒன்றுக்கு ஒன்றரை அடி என்றால் ஒன்பது இடைவெளிக்கு 162 அங்குலம். மொத்தம் ஏறக்குறைய 30 அடிச் சுவர். இருபதுக்கு இருபது வகுப்பறையில் ஒரே சுவரில் அடங்காது. வராந்தாவில் மாட்டினால் சாரல். இரண்டு சுவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். எப்படிப் பிரிப்பது என்பது கீழே வருகிறது. யூ.பி. (ஐந்து முதல் ஏழாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு என்றால் தாளின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடியில் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஆசிரியரின் கண்ணுக்கு நேராக மாட்டிவிடுகிறோம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அண்ணாந்து பார்க்கிறது.

எழுத்தின் அளவில் அச்சகம் தவறியிருக்கிறது. தலைப்பு 90 பாயிண்ட், நன்று. உள்ளே ஓடும் விவரம் 16 பாயிண்ட்தான். தமிழ் எழுத்துக்குக் கொக்கியும் சுழியும் அதிகம், ஆறடி தள்ளி நின்றால் 16 பாயிண்ட் எறும்புச் சாரைதான். குறைந்தது 24 வேண்டும். அதற்காக 300 வார்த்தை விவரத்தை 150 ஆகக் குறைத்திருந்தால் படிப்பவர்களும் கூடியிருப்பார்கள். ‘ஔ’ வரவேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டியிருப்பது மூன்று தாளில் இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியவர் சரிபார்க்கவில்லை.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். உள்ளடக்கத்தில் இருப்பது வேறு வகைக் குறை. ஒவ்வொரு தாளும் மூன்று கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இடது மேலே கறுப்புக் கட்டத்தில் ‘துன்பம்’, வலது கீழே மஞ்சள் கட்டத்தில் ‘வெற்றி’, இடையில் ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. அந்தப் பிள்ளைக்கு முதல் புத்தகத்தை யார் கொடுத்தார்கள், படிக்க நேரம் எப்படிக் கிடைத்தது, யார் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? பத்தில் மூன்று தாள்தான் இதற்குப் பதில் சொல்கிறது. மற்றவை பட்டினி கிடந்தால் தானாக எழுத்தாளராகிவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் விதைக்கும். வாளையாறு தாண்டி வேலைக்குப் போகும் அப்பா அம்மாவின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் அப்படி ஒரு தாளை மாட்டுவதற்கு யோசிக்க வேண்டும்.

நன்றாக வந்திருக்கிற தாளை முதலில் சொல்கிறேன். கார்க்கி. 1868-இல் பிறந்தவர். மூன்று வயதில் அவருக்கு வந்த காலரா தந்தைக்குத் தொற்றி, தந்தை இறந்தார். பதினொரு வயதில் தாயும் போனபின் தாத்தா வேலைக்கு அனுப்பிவிட்டார். இவ்வளவும் கறுப்புக் கட்டத்தில் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வோல்கா நீராவிக் கப்பலை வரைந்து, அதன் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் பையனையும், பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்த ஸ்முரி என்ற சமையல்காரரையும் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சமையல்காரர்தான் பையனைப் படிக்கச் சொல்லிப் பிடித்துவைத்தவர். பாட்டி சொன்ன கதைகளும் ஒரு மூலையில் உண்டு. ஒரே பார்வையில் பிள்ளைக்கு விஷயம் பிடிபடுகிறது. ஆண்டர்சன் தாளும் அப்படியே. செருப்புத் தைப்பவரின் மகன், தாய் துணி வெளுத்தவர், 14 வயதில் தனியாகக் கோபன்ஹேகன் போனவர் என்பதோடு நிறுத்தாமல், யோனாஸ் காலின் என்ற அதிகாரி அரச உதவி வாங்கிக்கொடுத்துப் பள்ளியில் சேர்த்ததையும், 17 வயதில் சின்னப் பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததையும் போட்டிருக்கிறார்கள்.

மோசமான தாள் டிக்கன்ஸ். அவரை ‘அநாதை’ என்று எழுதிவிட்டார்கள். அவர் படைத்த பையன்களோடு அவரையே குழப்பிக்கொண்டதன் விளைவு. தாய் தந்தை இருவரும் இருந்தார்கள். 1824-இல் தந்தை சுமார் 40 பவுண்டு கடனுக்காக லண்டன் மார்ஷல்சீ சிறைக்குப் போனார். இருந்தது மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட. தாளில் ‘பல ஆண்டுகள்’ என்று இருக்கிறது. இதற்கிடையே பாட்டி இறந்து சொத்து வந்தது, தந்தையும் வெளியே வந்தார். பன்னிரண்டு வயது மகன் அதற்குள் ஷூ பாலிஷ் மை கம்பெனியில் வாரம் ஆறேழு ஷில்லிங் கூலிக்கு உட்கார்ந்திருந்தான். தந்தை விடுதலையான பிறகும் அவன் அங்கேயே வேலை பார்த்தான். கடைசியில் தந்தை நிறுத்தியபோது, தாய் திரும்ப அனுப்பவே பார்த்தார். அதை டிக்கன்ஸ் மறக்கவேயில்லை. இதை நெருங்கிய நண்பர் ஜான் ஃபோர்ஸ்டரிடம் மட்டுமே சொன்னார். ஊருக்குத் தெரிந்தது 1870-இல் அவர் இறந்த பிறகுதான்.

இந்தத் தாளை ஒதுக்கிவிட வேண்டாம், திருத்தி மாட்டலாம். வெள்ளை லேபிள் தாளில் சரியான வரியை அச்சிட்டு மேலே ஒட்டினால் போதும். மேட் லாமினேஷனில் நிற்கும், பளபளப்பில் ஓரம் கிளம்பிக்கொள்ளும். இந்தத் தாளுக்குக் கையேட்டில் இல்லாத ஒரு செய்முறை உண்டு. அந்தப் பையன் செய்த வேலை படிப்படியாகப் பதிவாகியிருக்கிறது. மை நிரப்பிய சாடியின் வாயில் முதலில் எண்ணெய்த் தாள், அதன்மேல் நீலத் தாள், கழுத்தைச் சுற்றி நூல் கட்டு, பிறகு மருந்துக்கடைக் களிம்புச் சாடி மாதிரித் தோன்றும்வரை தாளின் ஓரத்தைச் சுற்றிலும் ஒட்ட வெட்டுவது. குரோஸ் கணக்கில் (ஒரு குரோஸ் 144) சாடி சேர்ந்தபின் ஒவ்வொன்றிலும் அச்சடித்த லேபிள். காலி ஊறுகாய்ப் பாட்டில் பத்து, பட்டர் பேப்பர், நீலச் சார்ட், கத்தரி, பருத்தி நூல், பசை எடுத்துக்கொள்ளுங்கள். தாளை நாலு அங்குலச் சதுரமாக வெட்டி வையுங்கள். ஒரு பிள்ளை பத்துப் பாட்டில் கட்டட்டும். நூல் நழுவும், ஒரு கையால் தாளைப் பிடித்து மறுகையால் முடிச்சுப் போட வராது. பிள்ளைகள் எல்லாரும் திணறுவது அந்த இடத்தில்தான். டிக்கன்ஸுக்கு அந்த முடிச்சுப் போடும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தது பாப் ஃபேகின் என்ற இன்னொரு வேலைக்காரப் பையன். பின்னாளில் அவன் பெயரைத் தன் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலின் திருடர் தலைவனுக்கு வைத்தார், நன்றிக்கடன் என்று யாரும் சொல்லமுடியாது! பத்துப் பாட்டில் முடிந்தபின் கடிகாரத்தைக் காட்டி, ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம் என்றால் எத்தனை பாட்டில் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தக் கறுப்புக் கட்டத்தை யாரும் வாசித்துக் காட்டத் தேவையிருக்காது.

ஓ.வி. விஜயன் தாள் இந்த வட்டாரத்துக்கு அவசியம் வேண்டியது. ஆனால் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அவர் சேர்ந்த பள்ளி கோட்டக்கல் ராஜாஸ் ஹைஸ்கூல். தாளில் ‘கோட்டயம்’ என்று அச்சாகியிருக்கிறது. மலப்புறத்துக் கோட்டக்கல் எங்கே, கோட்டயம் எங்கே. விவரம் இதுதான். 1930-இல் பாலக்காடு விளயஞ்சாத்தனூரில் பிறந்தார். சின்ன வயதில் ஓயாத உடல்நலக்குறைவு, பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். 12 வயதில்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம், நேராக ஆறாம் வகுப்பு. எப்படி ஈடுகொடுத்தார்? மலபார் ஸ்பெஷல் போலீஸில் அதிகாரியாக இருந்த தந்தை வீட்டிலேயே பாடத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். தாளில் நோயும் இருக்கிறது, பத்மபூஷணும் இருக்கிறது, அந்த வீட்டுப் பாடம் இல்லை. கையால் எழுதியாவது சேர்த்துவிடுங்கள்.

விஜயனைக் காட்டியபின், அவருடைய நாவலுக்குக் களமான தஸ்ராக் கிராமத்துக்கு அழைத்துப் போகாவிட்டால் பாதி வேலைதான் ஆனது. பாலக்காடு டவுனிலிருந்து பக்கம், கிணாசேரி வழி. 1956-இல் அங்கே ஓராசிரியர் பள்ளியில் அவருடைய தங்கை சாந்தா வாத்தியாராக இருந்தார். குடும்பம் தங்கிய ஞாற்றுப்புரை (வயல் வீடு) இப்போது நினைவகம். கரிம்பனையும் குளமும் பள்ளிவாசலும் சுற்றிலும். அந்த ஊர் ‘கசாக்கின் இதிகாசம்’ என்ற நாவலாகி 1969-இல் புத்தகமாக வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சொந்தம் இருக்கிறது. அதில் வரும் மொல்லாக்காவின் (ஊர் முல்லாவின்) பெயர் அல்லாப்பிச்சை, கள்ளிறக்குபவர் பெயர் குப்பு. இந்தப் பெயர்களைச் சொன்னதும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும். யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, ஆசிரியர்கள் படித்துவிட்டுப் போவது நல்லது. பிள்ளைகளுக்கு முழு நாவல் இப்போது வேண்டாம்.

வரிசையிலேயே எனக்குப் பிடித்த ஜோடி, தயாரித்தவர்களே கவனிக்காத ஒன்று. கவிமணியும் தோப்பில் மீரானும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள், பெட்டியில் வந்த வரிசையில் அவை ஐந்து தாள் தள்ளி இருக்கின்றன. கவிமணி 1876-இல் தேரூரில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். அன்றைய திருவிதாங்கூரில் பள்ளியில் கிடைத்தது மலையாளம். தமிழைத் திருவாவடுதுறை மடத்தின் கிளையில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியாகக் கற்றார். பிறகு 36 ஆண்டுகள் ஆசிரியர் வேலை. மீரான் 1944-இல் தேங்காப்பட்டணத்தில் பிறந்தவர், படித்தது மலையாள வழியில், மிளகாய் வற்றல் வியாபாரம், எழுதியது தமிழில். 1997-இல் சாகித்ய அகாதமி விருது. பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்பது எல்லைப் பிள்ளைக்கு அன்றாடம். மார்க்குக் குறைகிறது, மலையாளத்துக்கு மாற்றிவிடலாமா என்று வீட்டில் பேச்சு வரும்போது அது ஒரு குறைபாடாகவே தோன்றும். இந்த இரண்டு தாளும் அதே நிலையில் இருந்து எழுதியவர்களைக் காட்டுகின்றன. தாளில் இந்தக் கோணத்துக்கு ஒரு வரிகூட இல்லை, ஆசிரியர்தான் சொல்லவேண்டும். தம்பிரான் பெயர் மட்டும் கையேட்டில் இருக்கிறது.

பஷீர் தாளை ஜூலை 5 பஷீர் நாளுக்கும் எடுத்துவைத்துக்கொள்ளலாம். ஆனால் அவரை ‘வறுமையில் பிறந்தவர்’ என்று போட்டது பொருந்தவில்லை. தந்தை மர வியாபாரி. 1930-இல் கோழிக்கோடு உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போய்க் கண்ணூர் சிறையில் இருந்தது, பிறகு வருஷக்கணக்காக ஊர் ஊராக அலைந்தது எல்லாம் அவராகத் தேடிப்போன கஷ்டம். ஜெயகாந்தன் தாளில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டதும் பார்த்த சில்லறை வேலைகளும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. அவரைப் படிக்கவைத்து ஆளாக்கிய சென்னைக் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம் அரை வரியில். பள்ளிக்கூடத்தில் அரசியல் எதற்கு என்று பயந்திருப்பார்கள் போல. பாரதி தாள் எல்லாருக்கும் தெரிந்ததையே சொல்கிறது. கி.ரா. தாளில் படம் நெட்டில் எடுத்தது, கட்டம் கட்டமாக உடைகிறது.

பத்திலும் ஒரு பெண் இல்லை. பெண்பிள்ளைகள் முதல் நாளே கேட்டுவிடும், பதில் தயாராக இருக்கட்டும். ராஜம் கிருஷ்ணனைச் சேர்த்திருக்கலாம். பதினைந்து வயதில் கல்யாணம் முடிந்து பள்ளிப் படிப்பு நின்றவர், 1973-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். பதினோராவது தாளாகப் பிள்ளைகளையே ஒரு சார்ட்டில் செய்யச் சொல்லுங்கள். அதில் கறுப்பு, மஞ்சள் கட்டங்களைச் சின்னதாக வைத்து, நடுவிலுள்ள இடத்தைப் பெரிதாக விடுங்கள்.

பயிற்சித் தாள்களை அப்படியே நகலெடுக்க வேண்டாம். ‘எத்தனை வயதில் தந்தையை இழந்தார்?’ என்பது மாதிரிக் கேள்விதான் பாதி. பிள்ளை தாளைப் பார்த்து எண்ணைக் காப்பியடித்துப் போய்விடும். அதோடு வகுப்பில் அப்பாவை இழந்த பிள்ளை ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும், உரக்க வாசிக்கும் முன் பெயர்ப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ‘இவருக்குப் படிக்கக் கொடுத்தவர் யார், எங்கே உட்கார்ந்து படித்தார்?’ என்ற ஒரே கேள்வியைப் பத்துத் தாளுக்கும் போட்டால், விடை இல்லாத தாள்களின் விடையைத் தேடிப் பிள்ளைகள் வாயனசாலைக்குப் போக வேண்டியிருக்கும்.

வாங்கலாமா? கிராம வாயனசாலைக்கு முழு வரிசையும் வாங்கலாம், திருத்தத்துக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். பள்ளிக்கு நிதி குறைவென்றால் கவிமணி, மீரான், விஜயன், கார்க்கி, ஆண்டர்சன், டிக்கன்ஸ் ஆகிய ஆறு மட்டும் தனித்தாளாக வாங்கினால் 1,080 ரூபாய். ஒரு சுவரில் கவிமணி, மீரான், விஜயன், எதிர்ச் சுவரில் மற்ற மூவர். இருபது அடிச் சுவரில் தாராளமாக அடங்கும். அனுப்பும்போது அட்டைக் குழாய் வேண்டாம், எல்லையில் பஸ் மாற்றி ஏற்றும்போது நசுங்கி வருகிறது. மூன்று அங்குல பிவிசி பைப்பில் போடச் சொல்லுங்கள், பைப்பை அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம். இரட்டை லாமினேஷனுக்கு அச்சகம் பத்து நாள் கேட்கிறது. பள்ளி திறந்தபிறகு ஆர்டர் கொடுத்தால் 19-ஆம் தேதிக்கு வந்து சேராது, மே மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்.